காபரேற்றரில் கை வைக்குமுன்: பழைய கார் விக்கினால் பார்க்க வேண்டியவை

2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றது. வீட்டுப் பாவனைக் கார்கள் மறுபடி வரத் தொடங்க 2025 பெப்ரவரி ஆகிவிட்டது. விற்றுவிடலாம் என்றிருந்த கொரோல்லாவையும் சன்னியையும் பெட்டி லான்சரையும் பலர் திரும்பக் கழுவி எடுத்து ஓடத் தொடங்கியது அந்த இடைவெளியில்தான். வெள்ளவத்தை ஒழுங்கைகளில் இன்னும் ஒன்றிரண்டு மொறிஸ் மைனரும் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கின்றன. கம்ப்யூட்டர் இல்லாத இந்தக் கார்களின் வருத்தத்தைக் கண்டுபிடிக்கக் கண்ணும் காதும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

1. விக்கல் எப்போது வருகிறது என்று முதலில் பாருங்கள். காலையில், குளிர்ந்த எஞ்சினில் மட்டும் என்றால் சோக். சூடேறிய பிறகு கறுப்புப் புகையோடு என்றால் சோக் முழுதாகத் திறபடவில்லை. நின்ற இடத்தில் நடுங்கி, ஓடும்போது சரியாகிவிட்டால் ஐட்லிங் ஜெட் அல்லது எங்கோ காற்றுக் கசிவு. நிற்கையில் நன்றாயிருந்து அக்சிலரேற்றரை மிதிக்கும்போது திணறினால் பிளக், பொயின்ற், அல்லது பெற்றோல் போதவில்லை. மழை நாளில் மட்டும் என்றால் நேரே ஆறாம் குறிப்புக்குப் போங்கள்.

2. காபரேற்றரைக் கடைசியில் கழற்றுங்கள். நான் ஒரு சனி, ஞாயிறு முழுக்க என் காரின் காபரேற்றரைக் கழற்றி, பழைய பத்திரிகையில் பரப்பி, பெற்றோலில் குளிப்பாட்டித் திரும்பப் பூட்டினேன். விக்கல் அப்படியே இருந்தது. பிழை விரல் நீளக் கொண்டென்சரில். காபரேற்றர் கோளாறு என்று வரும் பத்தில் பாதிக்கு மேல் பிளக்கில் பாயும் நெருப்பின் கோளாறுதான் என்று அன்றிலிருந்து நான் நம்புகிறேன். எதைச் செய்தாலும் ஒன்றை மாற்றி, ஓட்டிப் பார்த்து, அதன்பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

3. எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை? எஞ்சினை நிறுத்தி ஒரு பிளக்கின் வயரைக் கழற்றுங்கள். அந்த வயரில் ஒரு உதிரிப் பிளக்கைக் கொழுவி, அது எஞ்சின் இரும்பில் படும்படி வைத்துவிட்டு ஸ்ரார்ட் செய்யுங்கள். ஓட்டம் இன்னும் மோசமானால் அந்தச் சிலிண்டர் நல்லது. ஒரு மாற்றமும் தெரியாவிட்டால் குற்றவாளி அதுதான். நான்கையும் இப்படியே பாருங்கள். எஞ்சின் ஓடும்போது வயரை வெறுங்கையால் பிடிக்க வேண்டாம்.

4. பிளக்கின் நிறம் கதை சொல்லும். இளம் மண்ணிறம் நல்லது. காய்ந்த கரி என்றால் பெற்றோல் கூட. எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பு என்றால் ரிங் அல்லது வால்வு வழியாக ஒயில் ஏறுகிறது. சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் காற்றுக் கூட. அதை நாள்தள்ள வேண்டாம். மொறிஸ் மைனருக்குப் பிளக் இடைவெளி 0.64 மில்லிமீற்றர்.

5. பொயின்றும் கொண்டென்சரும். பொயின்ற் முழுதாகத் திறந்து நிற்கும்போது பீலர் கேஜால் அளவுங்கள். மொறிஸுக்கு 0.38 மில்லிமீற்றர், ஜப்பான் கார்களில் பெரும்பாலும் 0.45 அளவில் வரும். முகத்தில் ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் குழியுமாக இருந்தால் கொண்டென்சரைச் சந்தேகியுங்கள். நெருப்பு நீலமாக, டக் டக்கென்று சத்தத்தோடு பாய வேண்டும். மஞ்சளாக மெலிந்து வந்தால் காணாது. இன்னொன்று: புதுக் கொண்டென்சர் எல்லாம் நல்லதென்று இல்லை. வேலை செய்யும் பழையது கழன்று வந்தால் எறியாமல் ஒரு சின்னப் பையில் சுற்றி டாஷ்போர்ட்டுக்குள் வையுங்கள்.

6. உப்புக் காற்றும் மழையும். இது கொழும்புக்கென்றே உள்ள வருத்தம். காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு யன்னல் கம்பி எத்தனை வருடத்தில் துருப்பிடிக்கும் என்று தெரியும். துறைமுகத்துக்கு அண்டிய கொட்டாஞ்சேனையிலும் அதே கதைதான். அந்தக் காற்றுத்தான் பொனற்றுக்குள்ளும் புகுகிறது.

டிஸ்ரிபியூற்றர் மூடியைக் கழற்றி உட்பக்கத்தை உலர்ந்த துணியால் துடையுங்கள். பென்சில் கோடு போல மெல்லிய கரிக்கோடு தெரிந்தால் நெருப்பு அந்த வழியாக ஓடிவிடுகிறது. துடைத்துப் பயனில்லை, மூடி மாற்ற வேண்டும். வயர்களின் நுனியில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். மழை பெய்து ஓய்ந்த இரவில், லைற்றை அணைத்து, எஞ்சினை ஓடவிட்டுப் பொனற்றைத் திறந்து பாருங்கள். பழுதான வயர்களில் மின்மினி போல நீலப்பொறி தெறிக்கும். பார்ப்பதோடு சரி, தொடக்கூடாது.

எல்லாரும் மறப்பது எர்த் வயரை. எஞ்சினையும் பொடியையும் இணைக்கும் அந்தப் பின்னல் பட்டி உள்ளுக்குள் உக்கிப்போயிருக்கும், வெளியில் தெரியாது. கழற்றி, இரு முனையையும் உரசி, கிறீஸ் பூசிப் பூட்டுங்கள். மொறிஸ் மைனரில் யாரும் மாற்றாதிருந்தால் பற்றரியின் பிளஸ் முனைதான் பொடியில் கட்டப்பட்டிருக்கும். பற்றரியைக் கழற்றினால் இதை நினைவில் வையுங்கள்.

7. பிளக் வயர் மாறிப் பூட்டினாலும் விக்கும், காபரேற்றர் வழியாக வெடிக்கவும் வெடிக்கும். மொறிஸுக்கும் கொரோல்லாவின் 4கே எஞ்சினுக்கும் நெருப்புப் பாயும் வரிசை ஒன்றுதான்: 1-3-4-2.

8. களவாகப் புகும் காற்று. காபரேற்றருக்குக் கீழுள்ள காஸ்கெற், மனிஃபோல்ட், பிரேக்குக்குப் போகும் வக்யூம் குழாய் ஆகியவற்றில் வெடிப்பு இருந்தால் ஐட்லிங் நிற்காது. தோட்டக் குழாயில் இரண்டடி வெட்டி, ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை மூட்டுகளின் ஓரமாக நகர்த்துங்கள். 'உஸ்' என்று கேட்கும். உடுப்பு அயன் பண்ணும்போது தெளிக்கும் போத்தலால் அந்த இடத்தில் தண்ணீர் அடித்தால், ஓட்டம் ஒரு கணம் மாறும். சிலர் இதற்குக் கிளீனர் ஸ்பிறே அடிப்பார்கள். மொறிஸிலும் 4கேயிலும் காற்று உள்ளே போகும் மனிஃபோல்டும் புகை வெளியே வரும் மனிஃபோல்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. பழுக்கக் காய்ந்த இரும்பில் ஸ்பிறே பட்டால் தீப்பிடிக்கும். தண்ணீரே நல்லது.

9. 2022 இல் பெற்றோல் செட் வரிசையில் நின்றவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பெற்றோலை அளந்து கொடுக்கும் கியூ.ஆர். முறை வரும்வரையும் வந்த பிறகும் எத்தனையோ கார்கள் வாரக்கணக்கில் அசையாமல் நின்றன. கானில் சேர்த்து வைத்த பெற்றோலும் பழசாகியது. நின்று பழசான பெற்றோல் ஜெட்டுக்குள் பிசின் போலப் படியும். முதலில் அடைபடுவது மிகச் சிறிய ஓட்டையுள்ள ஐட்லிங் ஜெட். ஊசியோ கம்பியோ போட்டுக் குத்தாதீர்கள், பித்தளை ஓட்டை பெரிதாகிவிடும். பல்துலக்கும் பிரஷ்ஷின் ஒற்றை நார் போதும்; பிறகு ரயர் கடையில் காற்றடித்து எடுங்கள். மிதவையைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே தளும்பினால் அது மூழ்கி, காபரேற்றர் நிரம்பி வழிகிறது என்று அர்த்தம். இந்த வேலை நடக்கும்போது அருகில் சிகரட்டும் சாமி விளக்கும் வேண்டாம்.

10. மொறிஸின் எஸ்.யூ. காபரேற்றர் தனி ரகம். ஏர் கிளீனரைக் கழற்றி, பிஸ்ரனை விரலால் உயர்த்தி விடுங்கள்; 'டக்' என்று விழ வேண்டும். பிறகு எஞ்சின் ஓடும்போது மிகக் கொஞ்சமாக, ஒரு மில்லிமீற்றர் உயர்த்துங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் கூட. நின்றுபோனால் குறைவு. சற்றே கூடி உடனே அடங்கினால் சரியான கலவை. மேல் மூடிக்குள் எண்ணெய் வற்றினால் மிதிக்கும்போது இருமும். இருபதாம் எண் மெல்லிய எண்ணெய் என்பது கணக்கு. பலர் எஞ்சின் ஒயிலையே விடுகிறார்கள், ஓடுகிறது.

11. காலி வீதி நெரிசலில் மதிய வெயிலில் நின்றால் பெற்றோல் குழாய்க்குள்ளேயே கொதித்து ஆவியாகும். பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் கால் மணி காத்திருங்கள். பயணத்தில் நின்று, டாங்கி மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று இழுத்தால், மூடியிலுள்ள காற்றோட்டை அடைத்திருக்கிறது.

12. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002 இல் நிறுத்தப்பட்டது. ஈயத்தை நம்பிச் செய்த பழைய எஞ்சின்களில் எக்சோஸ்ற் வால்வின் இருக்கை மெல்ல மெல்லத் தேயும். வால்வு மேலேறி இடைவெளி குறுகி, கடைசியில் முழுதாக மூடாது. சூட்டில் நடுக்கம் வரும். மொறிஸுக்கு இடைவெளி 0.30 மில்லிமீற்றர். எத்தனை முறை சரிசெய்தும் அதே வால்வு திரும்பத் திரும்ப இறுகினால், ஹெட்டைக் கழற்றிக் கடினமான இருக்கை போடும் நாள் வந்துவிட்டது.

13. இத்தனைக்கும் பிறகும் சரிவராவிட்டால் கம்பிரஷன் பாருங்கள். குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுத் திரும்பப் பார்க்கும்போது ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டும் குறைந்திருந்தால் ஹெட் காஸ்கெற்.

14. உதிரிப்பாகம் வாங்கப் பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது கழற்றிய சாமானைக் கையோடு கொண்டு போங்கள். பெயரைச் சொல்லிக் கேட்டால் மூன்று கடையில் மூன்று விதமானது வரும்.

15. வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையில் தேறுவதற்காக மிக்சர் ஸ்குறூவை இறுக்கிப் பெற்றோலைக் குறைப்பது நம் ஊர் வழக்கம். தேறிவிடும், திரும்பி வரும் வழியிலேயே கார் இருமத் தொடங்கும். தொடுவதற்கு முன் ஸ்குறூவை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். என்னுடையது பொனற்றின் உட்புறத்தில் மார்க்கரால் எழுதியிருக்கிறது: இரண்டேகால்.