பழைய காருக்கு ஆயில் பிரஷர் மீட்டர்

பழைய அம்பாசிடர், பியட், ஜீப் போன்ற வண்டிகளை இன்றும் சில சிறு விவசாயிகள் விடாமல் வைத்திருக்கிறார்கள். விடிவதற்குள் காய்கறிகளையும் கீரைக் கட்டுகளையும் தென்னூர் உழவர் சந்தைக்குக் கொண்டு சேர்க்கவும், திரும்பும்போது உரமூட்டை ஏற்றி வரவும் அவை உதவுகின்றன. அம்பாசிடர் உற்பத்தி 2014ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. இனி இருக்கிற எஞ்சினைக் காப்பாற்றிக்கொள்வதே வழி. அதற்குக் குறைந்த செலவில் உதவும் கருவி ஆயில் பிரஷர் மீட்டர். தமிழில் இதை எண்ணெய் அழுத்தமானி என்று சொல்லலாம்.

சிவப்பு விளக்கு போதாதா?

"ஆயில் விளக்குதான் இருக்கிறதே, மீட்டர் எதற்கு?" என்று பலரும் கேட்பதுண்டு. அந்த விளக்கை இயக்கும் சுவிட்ச், சாதாரணமாக எண்ணெய் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.3 முதல் 0.5 கிலோவுக்குக் கீழே இறங்கிய பிறகுதான் விளக்கை எரிய வைக்கும். ஓடும் எஞ்சினில் இருக்க வேண்டிய அழுத்தமோ 3 முதல் 4 கிலோ. அது படிப்படியாக 2 கிலோவுக்கும், பிறகு 1 கிலோவுக்கும் இறங்கினாலும் விளக்கு எரியாது. கடைசியில் ஒருநாள் ஓட்டத்தில் எரியும்போது பேரிங் உருகத் தொடங்கியிருக்கலாம். சுருங்கச் சொன்னால், விளக்கு கெட்ட பிறகு சொல்கிறது. மீட்டர் கெடுவதற்கு முன்பே சொல்கிறது.

அழுத்தம் ஏன் குறைகிறது?

உய்யக்கொண்டான் வாய்க்காலை எண்ணிப் பாருங்கள். பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, திருச்சி நகருக்குள் ஓடி, வாழவந்தான்கோட்டை ஏரிவரை அது செல்கிறது. தலைப்பில் போதிய தண்ணீர் விட்டாலும், வழியில் கரை உடைப்பும் கசிவும் மிகுந்தால் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது. எஞ்சினிலும் அப்படித்தான். ஆயில் பம்பு தள்ளும் எண்ணெய் கிராங்க் ஷாப்ட் பேரிங்குகளுக்கும், கேம் ஷாப்டுக்கும், கடைசியாக மேலே ராக்கர் ஷாப்டுக்கும் போக வேண்டும். பேரிங்கில் இருக்க வேண்டிய இடைவெளி ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர்தான். தேய்மானத்தால் இது அதிகமானால் எண்ணெய் வழியிலேயே ஒழுகிவிடும், அழுத்தம் விழும்.

பேரிங் தேய்மானம் மட்டுமே காரணம் அல்ல. சம்பில் எண்ணெய் குறைந்திருக்கலாம். சம்பின் அடியிலுள்ள சல்லடை கசடால் அடைபட்டிருக்கலாம். பெட்ரோல் பம்பின் டயபிரம் கிழிந்து எண்ணெயோடு பெட்ரோல் கலந்திருக்கலாம். ஆயில் பம்பு தேய்ந்திருக்கலாம். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரிலீப் வால்வு திறந்த நிலையில் சிக்கியிருக்கலாம். இவற்றுள் பலவற்றைச் சிறு செலவில் சரிசெய்துவிடலாம்.

இரண்டு வகை மீட்டர்கள்

முதல் வகையில் எஞ்சினிலிருந்து ஒரு மெல்லிய செம்புக் குழாய் வழியாக எண்ணெயே மீட்டர்வரை வருகிறது. மீட்டருக்குள் வளைந்த தட்டைக் குழாய் ஒன்று உண்டு. அழுத்தம் ஏறும்போது அது நிமிர முயன்று முள்ளைத் தள்ளும். பிரான்ஸ் நாட்டு யூஜீன் போர்டன் 1849இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பொன்மலை ரயில்வே பணிமனையில் பழுது பார்க்கப்படும் நீலகிரி மலை ரயிலின் நீராவி எஞ்சினிலும், பஞ்சர் கடைக் காற்று டாங்கியிலும் இருப்பது இதே வகைதான். இதற்கு மின்சாரம் தேவையில்லை. விலையும் குறைவு.

இரண்டாவது வகையில் எஞ்சினில் ஒரு பிரஷர் யூனிட்டைப் பொருத்தி, ஒயர் மூலம் மீட்டருக்கு இணைக்கிறார்கள். வண்டிக்குள் எண்ணெய் வராது என்பது இதன் நன்மை. ஆனால் யூனிட்டும் மீட்டரும் ஒரே செட்டாக இருக்க வேண்டும். ஒரு செட்டின் யூனிட்டை வேறொரு மீட்டரோடு சேர்த்தால் முள் தவறான அளவையே காட்டும். மிகப் பழைய சில கார்களில் பாட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருக்கும். அத்தகைய வண்டிக்கு எலக்ட்ரிக் மீட்டர் வாங்குமுன் எலக்ட்ரீசியனிடம் காட்டிக்கொள்ளவும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது

ஆயில் சுவிட்ச் இருக்கும் துளையில்தான் மீட்டரையும் இணைக்க வேண்டும். அந்தத் துளையின் மரை எது என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். பி.எஸ்.பி. எனப்படும் 1/8 அங்குல மரையில் ஒரு அங்குலத்துக்கு 28 புரிகள் உண்டு. அதே 1/8 அங்குல என்.பி.டி. மரையில் 27 புரிகள். வேறு சில வண்டிகளில் 10 மில்லிமீட்டர் மரை இருக்கும். மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோலவே தெரியும். ஒன்றை மற்றொன்றில் வலிந்து முறுக்கினால் எஞ்சின் பிளாக்கின் மரை கெட்டுவிடும். பழைய சுவிட்சைக் கழற்றிக் கடைக்கு எடுத்துச் சென்று, அதற்கு இணையான பித்தளை 'டீ' வாங்குவதே பாதுகாப்பு.

பொருத்தும் முறை

1. எஞ்சின் ஆறிய பிறகு வேலையைத் தொடங்குங்கள். பாட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றி வையுங்கள்.

2. சுவிட்சைச் சுற்றியுள்ள மண்ணையும் பிசுக்கையும் துடைத்த பிறகே அதைக் கழற்ற வேண்டும். ஒரு மணல் துகள் உள்ளே விழுந்தாலும் பேரிங்கில் கீறல் விழும்.

3. அந்தத் துளையில் பித்தளை 'டீ'யைப் பொருத்துங்கள். ஒரு வாயில் பழைய சுவிட்சையும், மறு வாயில் மீட்டர் குழாயையோ யூனிட்டையோ இணையுங்கள். விளக்கை எடுத்துவிடக் கூடாது. ஓட்டுபவர் சாலையைப் பார்த்திருக்கும்போது கண்ணில் முதலில் படுவது அதுதான்.

4. டெப்லான் டேப் சுற்றுவதானால் நுனியில் இரண்டு புரிகளை விட்டுச் சுற்றவும். பிய்ந்த டேப் எண்ணெய் வழியை அடைத்துவிடும். எலக்ட்ரிக் யூனிட்டுக்கு மரை வழியாகவே எர்த் கிடைப்பதால், டேப் அதைத் தடுக்காமல் பார்த்துக்கொள்ளவும்.

5. எலக்ட்ரிக் யூனிட் கனமானது. 'டீ'யின் மேல் தொங்கவிட்டால் எஞ்சின் அதிர்வில் 'டீ' ஒடிந்துபோகும். நெகிழும் ஹோஸ் ஒன்றின் மூலம் யூனிட்டைப் பாடியில் பொருத்தித் தனி எர்த் ஒயர் கொடுப்பது நல்லது. மீட்டருக்கான ஒயரைப் பியூஸ் வழியாக எடுக்க வேண்டும்.

6. செம்புக் குழாய் அதிர்வினால் நாளடைவில் இறுகி ஒடியும். எனவே எஞ்சினுக்கு அருகில் அதை இரண்டு மூன்று சுற்று சுருளாக வளைத்து விடுங்கள். தகட்டைத் துளைத்துச் செல்லும் இடத்தில் ரப்பர் புஷ் போடுங்கள். சைலன்சர் மேனிபோல்டுக்கு அருகில் குழாய் போகக் கூடாது. அது ஒடிந்தால் கொதிக்கும் எண்ணெய் காலில் கொட்டும்; சம்பும் காலியாகும்.

7. எஞ்சினை ஓட்டி எல்லா மூட்டுகளிலும் கசிவு பாருங்கள். மறுநாளும், ஒரு வாரம் கழித்தும் மீண்டும் பாருங்கள்.

முள் சொல்வது என்ன?

உங்கள் வண்டிக்குரிய கையேட்டில் உள்ள அளவே சரியானது. கையேடு இல்லாதவர்கள் பொதுவான கணக்கு ஒன்றை வைத்துக்கொள்ளலாம். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலிங்கில் ஏறத்தாழ 1 கிலோ இருக்க வேண்டும். ஓட்டத்தில் ஒவ்வொரு 1000 சுற்று வேகத்துக்கும் ஏறத்தாழ 0.7 கிலோ வீதம் இருக்க வேண்டும். சில மீட்டர்களில் பவுண்டுக் கணக்கு இருக்கும். 1 கிலோ என்பது 14 பவுண்டுக்குச் சற்று அதிகம். காலையில் குளிர்ந்த எஞ்சினில் முள் உயர்ந்து நிற்பது இயல்பு. சூடான பிறகும் 6, 7 கிலோவில் நின்றால் ரிலீப் வால்வு மூடிய நிலையில் சிக்கியிருக்கலாம்.

ஒரு நாள் அளவைவிட மாத மாற்றமே முக்கியம். பால் கணக்கு எழுதும் நோட்டிலேயே ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வாரம் ஒருமுறை, சூடான எஞ்சினில் ஐடிலிங் அளவையும், 50 கிலோமீட்டர் வேகத்தில் உள்ள அளவையும் குறித்து வையுங்கள். ஆறு மாதத்தில் அளவு மெல்ல இறங்கினால் மெக்கானிக்கிடம் நோட்டையும் காட்டுங்கள். வளைவில் திரும்பும்போது மட்டும் முள் சரிந்தால் சம்பில் எண்ணெய் குறைவு என்று பொருள்.

முள் திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். "சந்தை பக்கம்தானே, போய்ச் சேர்ந்துவிடலாம்" என்று நினைக்க வேண்டாம். முதலில் டிப் ஸ்டிக்கில் எண்ணெய் பாருங்கள். பெட்ரோல் வாடை வருகிறதா என்று முகர்ந்து பாருங்கள். எண்ணெய் சரியாக இருந்து விளக்கும் எரியாவிட்டால் மீட்டரே பழுதாக இருக்கலாம். விளக்கும் எரிந்தால் வண்டியைக் கட்டி இழுத்துத்தான் செல்ல வேண்டும்.

காலத்தில் கண்டுகொண்டால் பேரிங் செட்டை மட்டும் மாற்றிச் சரிசெய்யலாம். தவறவிட்டால் கிராங்க் ஷாப்டை லேத்தில் கொடுத்து 0.25 மில்லிமீட்டர், 0.50 மில்லிமீட்டர் என்று கடைந்து, அதற்கேற்ற பேரிங் தேட வேண்டும். அளவுக்கு மேல் கடைந்த ஷாப்டுக்கு வேறு ஷாப்டுதான். ஒரு போகத்து வருமானமே அதில் போய்விடும்.

கெட்டியான எண்ணெயை ஊற்றினால் முள் சற்று ஏறும், தேய்மானம் குணமாகாது. பழைய வண்டியை விற்பவர்கள் இந்த வழியைக் கையாள்வதுண்டு. ஆகவே வாங்கும்முன் மெக்கானிக்கிடமுள்ள மீட்டரைத் தற்காலிகமாகப் பொருத்தி, அரைமணி நேரம் ஓட்டிச் சூடாக்கிய பிறகு அழுத்தம் பாருங்கள். விலை பேசுவது அதற்குப் பிறகு.

டிராக்டரிலும் டீசல் பம்புசெட்டிலும் மீட்டர் இருந்தும் முள் அசையாமல் கிடப்பதைப் பல இடங்களில் காணலாம். அங்கும் இதே விதிதான். பழுதான மீட்டரை இந்தப் பருவ வேலை தொடங்கும் முன்பே மாற்றி, எஞ்சினைக் காத்துப் பயன் பெறுங்கள்.