விண்தூசியும் மண்தூசியும்

விண்வெளியில் கதிரவ மின்நிலையம் அமைக்கும் கருத்தை 1968-இல் பீட்டர் கிளேசர் முன்வைத்தார். அதற்குரிய பொருள்களை நிலவில் அகழ்ந்தெடுக்கலாம் என்றார் ஜெரார்டு ஓ'நீல். அங்ஙனமாயின், அங்கு உழைப்போர் நலம் யாதாகும்? 1972-இல் அப்போலோ 17-இல் சென்ற ஹாரிசன் ஷ்மிட், நிலவுத் தூசியால் மூக்கடைப்புற்றமை ஈண்டு நினைக்கத்தக்கது.

இவ்விடர் நமக்குப் புதிதன்று. பெரம்பலூர்க் கல்குவாரிகளில் பாறையைத் துளைக்கையில் எழும் நுண்ணிய சிலிக்காத் துகள், நாளடைவில் நுரையீரலில் படிந்து தழும்பாகலாம். ‘சிலிகோசிஸ்’ எனும் அந்நோயை முற்றும் நீக்க மருந்தில்லை, தடுக்கவே இயலும். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் தூசியும் மூச்சுக்குழலை உறுத்துவதே.

நீர் பாய்ச்சித் துளையிட்டுத் தூசியை எழாமலே அடக்குதல் முதற்காப்பு. முகமூடி அதற்கு அடுத்ததே. நிலவில் நீர் அரிது, இங்கோ வழியுண்டு. விண்ணுக்கு ஆளனுப்புமுன், குவாரித் துளைக்கருவியில் நீர்க்குழாய் இணைத்தல் நம் கடன்.