குனிந்து பார்த்து வாங்கவேண்டிய வான்

ஒன்ராறியோவில் பழைய கேம்பர் வான் வாங்கப் போகிறவர்கள் முதலில் கட்டிலில் இருந்து பார்க்கிறார்கள். பிறகு அடுப்பை மூட்டிப் பார்க்கிறார்கள். கோடையில் மட்டும் வெளியே எடுக்கிற வானுக்கு அது போதும். அதே வானில்தான் நாளாந்தம் வேலைக்கும் போகவேண்டும், பனிக்காலம் முழுக்க அது வீதியில் ஓடவேண்டும் என்றால் வானுக்குக் கீழிருந்து தொடங்குங்கள். அப்படித் தெரிவு செய்த வானைத்தான் பல குளிர்காலங்களாக ஓட்டிவருகிறேன்.

இங்கே பனி கொட்டினால் வீதிக்கு உப்புப் போடுகிறார்கள். உப்புத் தண்ணீர் சேசிஸின் மடிப்புகளுக்குள் புகுந்து இரும்பை உள்ளிருந்தே தின்கிறது. எனக்கு வான் பார்க்க வந்த ஸ்காபரோ மெக்கானிக் அண்ணை உள்ளே ஏறவே இல்லை. வானை லிப்டில் உயர்த்திவிட்டு ஸ்குறூடிறைவரால் ஒவ்வோர் இடமாகத் தட்டிக்கொண்டு போனார். "மெத்தை கிழிஞ்சால் தைக்கலாம் தம்பி, சேசிஸ் உக்கினால் என்னத்தைச் செய்யிறது?" என்றார். அவர் தட்டிய இடங்களை நீங்களும் பாருங்கள்: பின் ஸ்பிறிங் பொருந்தும் இடம், பிறேக் எண்ணெய் போகும் இரும்புக் குழாய், பெற்றோல் தாங்கியைத் தூக்கிப் பிடிக்கும் பட்டி, இழுவைக் கதவுக்குக் கீழுள்ள தகடு. சத்தம் கணீரென்று வரவேண்டும். பழைய வானின் அடியில் புதிதாகக் கறுப்புப் பூச்சு மின்னினால் அதை நல்ல அடையாளமாக எடுக்காதீர்கள். கறளை மூடவும் அதே பூச்சுத்தான் உதவும். வருடாவருடம் அடியில் எண்ணெய் விசிறிய பற்றுச்சீட்டுகளை உரிமையாளர் எடுத்துக் காட்டினால், கிலோமீற்றர் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் அந்த வானை விரும்பி வாங்கலாம்.

நாலு சில்லும் இழுக்கிற வான்தான் வேண்டும் என்று பலர் தேடி அலைகிறார்கள். செவ்ரோலெற் எக்ஸ்பிறஸ் அப்படி 2003 முதல் 2014 வரை வந்தது. போர்ட் ட்ரான்சிற்றில் 2020இல்தான் வந்தது. கிடைப்பது அரிது, கிடைத்தால் விலை கூட. நாலு சில்லும் இழுத்தால் பனியில் புறப்படுவது சுலபம், உண்மைதான். ஆனால் சிவப்பு விளக்கில் நிற்பது ரயரின் வேலை. ஏறத்தாழ 7 பாகைக்குக் கீழே சாதாரண ரயரின் ரப்பர் இறுகத் தொடங்கிவிடும். மூன்று சிகர மலையும் அதற்குள் பனித்துகளும் பொறித்த ரயரை நாலு சில்லுக்கும் போடுங்கள். கேம்பர் வான் பாரமானது. காருக்குரிய ரயரைப் பூட்டாமல், கதவோரம் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள சுமை அளவுக்குப் பொருந்தியதை வாங்குங்கள். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆனால் பூட்டினால் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு கேட்டு வாங்கலாம். நல்ல ரயர் பூட்டிய, பின்சில்லு மட்டும் இழுக்கிற வானே போதும் என்பது என் முடிவு.

டீசலா பெற்றோலா என்றால், தினசரி ஓட்டத்துக்குப் பெற்றோல். பத்து நிமிட ஓட்டத்தில் புதிய டீசல் வானின் புகை வடிகட்டி சூடேறிக் கரியை எரிக்க நேரம் கிடைப்பதில்லை. 2010க்குப் பிந்திய ஸ்பிறின்ரர்களில் புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் திரவம் வேறு −11 பாகையில் உறைந்துவிடும். அதை உருக்க வண்டியிலேயே ஏற்பாடு உண்டு. அது பழுதானால் செலவு பெரிது.

உயரத்தை அளக்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள். ரொறொன்ரோவின் நிலக்கீழ்த் தரிப்பிடங்கள் பலவற்றில் எல்லை இரண்டு மீற்றர் அளவுதான். கிச்சனரில் தயாரான ரோட்றெக் போன்ற உயர்கூரை வான்கள் இரண்டரை மீற்றரைத் தாண்டும். கூரை மடங்கும் வான் உயரம் குறைந்தது, ஆனால் விரித்தால் அதன் சீலைச் சுவர் குளிருக்கு ஒன்றும் செய்யாது.

பனிக்காலத்தில் உள்ளே படுக்கவும் போகிறீர்கள் என்றால் ஹீற்றரை அரைமணி நேரமாவது ஓடவிட்டுப் பாருங்கள். அல்கொன்குவின் பூங்காவின் மியூ ஏரி முகாம் குளிர்காலத்திலும் திறந்திருக்கும். அங்கே இரவில் ஹீற்றர் நின்றால் விளையாட்டல்ல. புறோப்பேன் −42 பாகை வரை ஆவியாகும், ஆகவே வாயு கைவிடாது. ஹீற்றரின் விசிறியை ஓட்டும் பற்றறிதான் முதலில் கைவிடும். லிதியம் பற்றறி என்றால் பூச்சியத்துக்குக் கீழே அதைச் சார்ஜ் பண்ணக்கூடாது. சூடாக்கும் வசதி அதற்குள் இருக்கிறதா என்று கேளுங்கள். கார்பன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவிக்குக் காலாவதித் திகதி உண்டு. அது கடந்திருந்தால் புதியது பூட்டாமல் ஒரு இரவும் உள்ளே படுக்காதீர்கள்.

வாங்க நல்ல மாதம் ஒக்டோபர். சேமிப்பிடத்துக்குக் காசு கட்ட விரும்பாதவர்கள் விற்கத் துடிக்கும் காலம் அது. தண்ணீர்க் குழாய்களையும் ஓடவிட்டுப் பார்க்கலாம். ஜனவரியில் அவற்றுக்குள் இளஞ்சிவப்பு உறைதடுப்புத் திரவம் நிரம்பியிருக்கும், வெடிப்பு எங்கே என்று தெரியாது.

விற்பவர் கொடுக்கும் பாதுகாப்புச் சான்றிதழ், சோதித்த அன்று வான் குறைந்தபட்சத் தரத்தை எட்டியது என்பதற்கு மேல் எதையும் சொல்லாது. உங்களுக்குத் தெரிந்த கராஜில் லிப்டில் ஏற்றிப் பார்க்க உரிமையாளர் சம்மதிக்கவில்லை என்றால், விலை எவ்வளவு மலிவானாலும் அந்த வானை வாங்காதீர்கள்.