பாலர்க்குத் திசையும் திருப்பமும் கற்பித்தல்

ராதாபுரத்தை அடுத்த ஓர் ஆரம்பப் பாடசாலையில் யான் கண்டதொன்றைச் சொல்லித் தொடங்குகின்றேன். உபாத்தியாயர் ஒரு படத்தைக் காட்டி, "பசு மரத்திற்கு எப்பக்கம் நிற்கின்றது?" என்று வினவினார். ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் தயக்கமின்றி, "மேக்க நிக்கி சார்" என்றான். வகுப்பு நகைத்தது. புத்தகம் வேண்டிய விடை "இடப்பக்கம்" என்பதாகலின் அவன் விடை தவறெனத் தள்ளப்பட்டது. அன்று முழுதும் அவன் வாய் திறந்திலன். அவனோ வடக்கு நோக்கி அமர்ந்திருந்தான். அவனிருந்த இடத்தினின்று நோக்கின் அப்பசு மேற்கேதான் நின்றது!

அவன் வீட்டில் வழங்கும் பேச்சு அது. "செம்பு அடுப்புக்கு வடக்க இருக்கு", "கொஞ்சம் கிழக்க தள்ளி உக்காரு" என்று சொல்லும் தாயாரிடம் பேசக் கற்ற பிள்ளை வேறெவ்வாறு விடை கூறும்? தமிழ்நாட்டில் நாட்டுப்புறத்தார் பெரும்பாலும் திசையாலும், நகரத்தார் வலம் இடம் என்பவற்றாலும் இடஞ்சுட்டுகின்றனர் என்பதை எரிக் பெடர்சன் என்னும் மொழியறிஞர் 1990களில் ஆராய்ந்து காட்டினர்.

இச்சொற்கள் நிலத்திலிருந்தே பிறந்தவை. மலைப்பக்கம் மேலாதலின் மேற்கு. நிலம் தாழ்ந்து செல்லும் பக்கம் கீழாதலின் கிழக்கு. மலையாள நாட்டிலோ மலை கிழக்கே, கடல் மேற்கே. ஆயினும் அங்குள்ளாரும் ஞாயிறு எழும் திசையைக் கிழக்கென்றே கூறுவர். ஆகவே அச்சொல் மலைக்கு இப்பால் வாழ்ந்தோரிடம் தோன்றியதாதல் வேண்டும் என்று 1856-இல் வெளிவந்த திராவிட மொழி ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் வாதித்தார். அவர் 1841 முதல் நெடுங்காலம் வாழ்ந்த இடையன்குடி நமக்குக் கிழக்கே அண்மையிலுள்ள ஊரே.

ஆதலின் பிள்ளைகள் முன்னரே அறிந்த திசையினின்று பாடத்தைத் தொடங்குதலே தகும். உள், வெளி, முன், பின் என்பவற்றை ஓலைப்பெட்டியும் கூழாங்கல்லுங் கொண்டு ஒரு நாளில் முடித்துவிடலாம். மேலத்தெரு என்பது உயரத்திலுள்ள தெருவன்று, மேற்கிலுள்ள தெரு என்பதை மட்டும் தனியே விளக்குக. பின்னர் வெளியே அழைத்துச் சென்று மலையைப் பார்த்து நிற்கச் செய்க. ஆனி ஆடியில் மேகம் மலையை மறைப்பினும் தீங்கில்லை; மேல்காற்று முகத்தில் அறைதலால் கண்ணை மூடிக்கொண்டே நம் பிள்ளைகள் மேற்கைக் காட்டுவர்.

அதன்பின் திருப்பம். மேற்கு நோக்கி நின்ற பிள்ளை வலப்பக்கமாகக் கால் திருப்பம் திரும்பினால் வடக்கு. மீண்டும் அவ்வாறே திரும்பினால் கிழக்கு, அஃதாவது அரைத் திருப்பம். நான்காவதில் மலை மீண்டும் எதிரே நிற்கும். இது எளிது. கடினமான பகுதி இனித்தான். பிள்ளைகளை எதிரெதிரே இரு வரிசையாக நிறுத்தி, எல்லாரையும் வலப்பக்கம் திரும்பச் சொல்லுக. ஒரு வரிசை வடக்கையும் மற்றது தெற்கையும் நோக்கும். அப்போது எழும் கூச்சலைச் சற்றுப் பொறுத்துக்கொள்ளுதல் வேண்டும். "நீ தப்பு, நான் சரி" என்று வழக்கிட்டே, வலமும் இடமும் உடலோடு திரும்புவன, திசை திரும்பாது என்பதை அவர்கள் கண்டுகொள்வர். வகுப்பைப் பார்த்து நின்று தம் வலக்கையைத் தூக்கும் உபாத்தியாயர் பிள்ளைகளுக்கு இடப்பக்கத்தையே காட்டுகின்றார் என்பதும் அப்போது விளங்கும். முதுகைக் காட்டி நின்று கற்பித்தல் நலம்.

வழி சொல்லுதல் இறுதியில் வருக. பள்ளியினின்று குளத்திற்குப் போகையில் வேம்படியில் வலம் திரும்பிய பிள்ளை, மீளுகையில் அவ்வேம்படியிலேயே இடம் திரும்புதல் வேண்டும். இதனை வாயாற் சொன்னால் விளங்காது, நடந்தே காட்டுக.

அச்சிறுவனைத் தெற்கு நோக்கி அமர்த்தி, அதே படத்தை அவன்முன் மீண்டும் வைத்து வினவியிருக்கலாம். "கிழக்க நிக்கி" என்றிருப்பான். "பசு நகரவில்லையே, தம்பி; பின் எது மாறிற்று?" என்று கேட்க அன்று ஒருவரும் இலர்.