மண்டலங்களை இணைத்த மன்னன்

சென்னையிலிருந்து பூவிருந்தவல்லிக்குச் செல்லும் பெருஞ்சாலையில் வேலப்பன்சாவடி என்னும் ஊர் உள்ளது. வழிப்போக்கர் தங்கும் இடத்தைச் சாவடி என்பது தமிழ் வழக்கு. இவ்வூரும் இதனைச் சூழ்ந்த ஊர்களும் பண்டைத் தொண்டை மண்டலத்தைச் சேர்ந்தவை. இருபத்து நான்கு கோட்டங்களாகப் பகுக்கப்பெற்றிருந்த அம்மண்டலத்தைக் காஞ்சியிலிருந்து பல்லவர் நெடுங்காலம் ஆண்டனர். ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆதித்த சோழன், பல்லவ மன்னனாகிய அபராசிதவர்மனை வென்று இதனைச் சோழர் ஆட்சிக்கு உட்படுத்தினான்.

வாளால் பெற்ற நிலம் வாளாலேயே கைவிட்டுப் போயிற்று. கி.பி. 949இல் பூவிருந்தவல்லிக்கு மேற்கே உள்ள தக்கோலத்தில் பெரும்போர் நிகழ்ந்தது. சோழ இளவரசனாகிய இராசாதித்தன் யானைமீது இருந்தவாறே உயிர் துறந்தான். இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணன் தொண்டை மண்டலத்தைக் கைப்பற்றினான். அந்நாளில் தமிழகம் ஒரு நாடாக இருந்ததில்லை என்பதை மாணவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். சேரரும் சோழரும் பாண்டியரும் தம்முள் பொருதனர். அவர்களுக்கு இடையே பழுவேட்டரையர், மலையமான்கள், வாணர் முதலிய சிற்றரசர் பலர், வென்றவர் பக்கம் சார்வதும் காலம் வாய்த்தபோது விலகுவதுமாக வாழ்ந்தனர்.

இந்நிலையில் கி.பி. 985இல் அரியணை ஏறினான் அருண்மொழிவர்மன் என்னும் முதலாம் இராசராசன். அவன் சேரரையும் பாண்டியரையும் வென்றதும், கடல் கடந்து ஈழத்தின் வடபகுதியைக் கைக்கொண்டதும் பலரும் அறிந்தவை. அவற்றை இங்கு விரித்துரைக்கவில்லை. வென்றபின் அவன் செய்தது யாது என்பதே நாம் ஆராயத்தக்கது.

முதலாவதாக, அவன் நிலத்தை அளந்தான். கி.பி. 1000ஐ ஒட்டித் தொடங்கிய அப்பணியை நடத்திய அதிகாரி 'உலகளந்தான்' என்னும் பட்டம் பெற்றான். அளவின் நுட்பத்தைக் கேளுங்கள். வேலி என்பது நில அளவு. அதனை 320 கூறாக்கினால் ஒரு கூறு முந்திரி எனப்படும். அம்முந்திரியையும் 320 கூறாக்கிக் கீழ்முந்திரி என்றனர். அதற்கும் கீழே சென்று கணக்கிட்டதைத் தஞ்சைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. காலடி வைக்கவும் இடம் போதாத அத்துணைச் சிறிய நிலத்திற்குக் கணக்கு எதற்கு என்று நகைப்பாரும் உளர். இன்ன ஊரார் இவ்வளவு இறுத்தால் போதும் என்பது கல்லில் எழுதப்பட்டுவிட்டால், இடையில் நிற்கும் அதிகாரி எவனும் மனம்போனபடி மிகுத்துக் கேட்பது எளிதன்று. உழவனுக்கு அக்கணக்கே காவலாயிற்று.

அடுத்து, நாடுகளின் பெயர்களையும் எல்லைகளையும் திருத்தினான். தொண்டை மண்டலம் சயங்கொண்ட சோழ மண்டலம் ஆயிற்று. பாண்டி நாடு இராசராச மண்டலம் ஆயிற்று. சோழ நாட்டில் பழைய சிறு நாடுகள் பல, வளநாடு என்னும் பெரும் பிரிவுகளுள் அடக்கப்பெற்றன. அரிசிலாற்றுக்கும் காவிரிக்கும் இடைப்பட்ட பகுதி உய்யக்கொண்டார் வளநாடு எனப்பட்டது. குலத்தலைவனுடைய பழைய உரிமையை நோக்காது ஆறுகளை எல்லையாகக் கொண்டமை அரிய அரசியல் அறிவாகும். உயர்ந்த அதிகாரிகளுக்கு அவன் அளித்த 'மூவேந்தவேளான்' என்னும் பட்டமும் கருதத்தக்கது. மூன்று வேந்தரின் நினைவும் ஒரு சொல்லில் அடங்கிற்று. தன் செயல்களைக் கூறும் மெய்க்கீர்த்தியை ஒரே வாசகமாக ஊர்தோறும் கோயிற் சுவர்களில் பொறிக்கச் செய்தான். இதனால் காஞ்சியில் வாழ்ந்தவனும் காவிரிக் கரையில் வாழ்ந்தவனும் ஒரே அரசனுடைய ஆட்சியாண்டைக் கொண்டு காலம் கணக்கிட்டனர்.

ஊர்ச் சபைகளையோ அவன் அழிக்கவில்லை. அவன் பிறப்பதற்கு முன்பே, கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில், தொண்டை மண்டலத்து உத்தரமேரூரார் குடவோலை முறையைக் கல்லில் வரைந்திருந்தனர். அத்தகைய சபைகள் ஏரி, வாய்க்கால், அறம், வரி ஆகியவற்றைத் தாமே நடத்தின. கணக்கை மட்டும் அரசு கேட்டது. தொண்டை நாட்டுக் கோட்டங்களும் பழைய பெயரோடு நிலைபெற்றன.

எல்லா இடத்தும் இம்முயற்சி ஒருபடியே வெற்றி பெற்றது எனல் பொருந்தாது. பெயர் மாற்றம் வென்றவனுக்குப் பெருமை. தோற்றவனுக்கு அது புண். பாண்டியர் அதனை மறந்திலர். இராசேந்திரன் தன் மகன் ஒருவனுக்குச் சோழ பாண்டியன் என்னும் பட்டம் சூட்டி மதுரையில் அமர்த்த வேண்டியிருந்தது. பின்னும் கிளர்ச்சிகள் எழுந்தன. கி.பி. 1279இல் சோழப் பேரரசு முடிவுற்றபோது, அதனை முடித்தவரும் பாண்டியரே.

தொண்டை மண்டலத்தின் வரலாறு வேறு. இராசராசனுக்கு ஒரு நூற்றாண்டிற்குப் பின், வேலப்பன்சாவடிக்குத் தெற்கே சில கல் தொலைவில் உள்ள குன்றத்தூரிலே, புலியூர்க் கோட்டத்தில், வேளாளர் குடியில் தோன்றினார் சேக்கிழார். இரண்டாம் குலோத்துங்கனுக்கு அமைச்சராகி, திருத்தொண்டர் வரலாற்றைப் பெரியபுராணமாகப் பாடினார். சோழன் அவருக்கு அளித்த பட்டம் 'உத்தமசோழப் பல்லவர்' என்று மரபு கூறுகிறது. அபராசிதன் குலப்பெயரும் ஆதித்தன் குலப்பெயரும் அப்பட்டத்தில் ஒருங்கே நின்றன.