பொருள் வடிவமைப்பு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: நல்ல மென்பொருள் வாங்கிக் கொடுத்துவிட்டால் வடிவமைப்பு சீராகிவிடும்.

உண்மை: ஏர்பஸ் ஏ380 விமானத்துக்கு நேர்ந்ததைப் பாருங்கள். அதனுள் ஓடும் மின்கம்பிகளின் நீளம் சுமார் 530 கிலோமீட்டர். ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலிருந்து பிரான்சின் துலூஸுக்கு வந்த பாகங்களைப் பொருத்தப் போனபோது, கம்பிகள் நீளம் போதாமல் நின்றன. எல்லாரும் பயன்படுத்தியது கேட்டியா மென்பொருள்தான். ஆனால் ஜெர்மனியிலும் ஸ்பெயினிலும் அதன் நான்காம் பதிப்பு, பிரான்சிலும் பிரிட்டனிலும் ஐந்தாம் பதிப்பு. ஒன்றிலிருந்து மற்றதற்கு வடிவங்கள் சரியாக மாறவில்லை; கம்பி வளைந்து திரும்பும் இடங்களில் கணக்கு தப்பியது. 2006இல் கிடைத்திருக்க வேண்டிய முதல் விமானம், சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கைக்கு 2007 அக்டோபரில்தான் வந்தது.

இதில் மென்பொருளை மட்டும் குறைசொல்வது நியாயமல்ல. நான்கு நாட்டுப் பொறியாளர்களும் ஒரே பதிப்புக்கு வந்த பிறகுதான் வேலை தொடங்கும் என்று நிர்வாகம் உறுதியாக நின்றிருக்க வேண்டும். அந்த உறுதியை எந்த மென்பொருளும் தராது.

நம்பிக்கை: உற்பத்தி, பராமரிப்பு ஆட்களை வரைபடம் முடிந்தபின் கூப்பிட்டால் போதும்.

உண்மை: 1990இல் போயிங் 777 திட்டம் தொடங்கியபோது வடிவமைப்பாளர்களும் உற்பத்திப் பொறியாளர்களும் ஒரே குழுக்களில் அமர்ந்தார்கள். விமானத்தை வாங்கப்போகும் நிறுவனங்களின் ஆட்களையும் சேர்த்துக்கொண்டார்கள். எரிபொருள் நிரப்பும் இணைப்பு அதிக உயரத்தில் இருக்கிறது, எங்கள் வண்டிகளுக்கு எட்டாது என்று யுனைடெட் ஏர்லைன்ஸ் தரப்பு சொன்னது. போயிங் இடத்தை மாற்றியது. வரைபட நிலையிலேயே தெரிந்ததால் முடிந்த திருத்தம் இது. விமானம் உருவான பிறகு தெரிந்திருந்தால் எத்தனை பாகங்களைப் பிரிக்க வேண்டியிருக்கும்!

நம்பிக்கை: ஒரு வடிவத்தைச் சீக்கிரம் முடிவுசெய்துவிட்டால் நேரம் மிச்சம்.

உண்மை: டொயோட்டா இதற்கு நேர்மாறாக நடப்பதை ஆலன் வார்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1995இல் எழுதினார்கள். பல மாற்று வடிவங்களை ஒரே நேரத்தில் வளர்த்து, சோதனையில் தேறாதவற்றை ஒவ்வொன்றாகக் கழிக்கும் முறை அது. அப்படியும் அந்த நிறுவனம் மற்றவர்களைவிட வேகமாகக் கார்களை உருவாக்கியது.

மேலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த திட்டத்தின் முதல் கூட்டத்துக்கே, அந்தப் பொருளைப் பொருத்தப்போகும் ஃபிட்டரையும் கூப்பிடுங்கள். அவர் சொல்வதைக் குறித்துக்கொண்ட பிறகு வரையத் தொடங்குங்கள்.