கப்பல் சுற்றுலா போறீங்களா? கரையில் கால் வைக்கும் முன் இதைப் படிங்க

மும்பைப் பக்கம் மழை பிடித்துக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் சுற்றுலாக் கப்பல் நம்ம சென்னைத் துறைமுகத்துக்கு வர ஆரம்பித்தது 2022 ஜூனில். கார்டிலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' அது. 2023 ஜூனில் இலங்கைக்கும் போக ஆரம்பித்தது. அதிலிருந்து மயிலைத் தெற்கு மாட வீதியில் காய் வாங்க நின்றால்கூட யாராவது ஒரு தோழி கேட்கிறார்: "நடுவுல ஊர்ல இறக்கி விடறாங்களே, அங்க சுத்திப் பார்க்கக் கப்பல்லயே பணம் கட்டணுமா, நாமளே போய்க்கலாமா?" இலங்கைக்கு ஒரு முறை, சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட்டுக்கு ஒரு முறை போய் வந்த அனுபவத்தில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கப்பல் டிக்கெட்டைவிடக் கரைச் செலவில்தான் நாம் மிச்சம் பிடிக்க முடியும்.

1. முதல் கணக்கு தூரம். நடந்தோ ஆட்டோவிலோ போகிற தூரம் என்றால் நாமே போய்க்கொள்ளலாம். போக மட்டுமே ஒரு மணி நேரம் ஆகும் என்றால் கப்பல்காரர்களின் பேருந்தில் ஏறிவிடுங்கள். அவர்கள் அழைத்துப் போன பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும், நாமாகப் போய்த் தாமதமானால் கிளம்பிவிடும். நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணம் இந்தக் காத்திருப்புக்குத்தான்.

2. இலங்கையில் அம்பாந்தோட்டையில் இறங்குபவர்களில் பாதிப் பேருக்குக் கதிர்காமம் போகும் ஆசை இருக்கும். சுமார் 45 கிலோமீட்டர், நடுவில் திஸ்ஸமகாராம வேறு. துறைமுகமோ ஊரைவிட்டுத் தள்ளி இருக்கிறது, வாசலில் வண்டி வரிசையாக நிற்கும் என்று நம்பிப் போகவேண்டாம். இந்த ஊருக்குக் கப்பல் பேக்கேஜ்தான் என் ஓட்டு.

3. கதிர்காமத்தில் மூலஸ்தானத்தைத் திரை போட்டு மறைத்திருப்பார்கள், திரையில் இருக்கும் முருகனைத்தான் தரிசிக்க வேண்டும். முன்பே தெரிந்திருந்தால், "இன்னும் திரையை விலக்கலையே" என்று காத்து நின்று பேருந்தைத் தவறவிட மாட்டோம்.

4. காங்கேசன்துறையில் கதையே வேறு. கீரிமலைக் கேணியும் நகுலேஸ்வரமும் துறைமுகத்திலிருந்து நாலைந்து கிலோமீட்டர்தான், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலும் பக்கத்திலேயே. யாழ்ப்பாணம் இருபது கிலோமீட்டருக்குள். தமிழிலேயே பேசிக் கூலி முடிக்கலாம் என்பதால் இங்கே பேக்கேஜுக்குப் பணம் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. நாலு பேராக ஒரு வேன் பிடித்தோம். கப்பலில் கேட்ட தொகையில் வண்டி, சாப்பாடு, அர்ச்சனை எல்லாம் போகக் கொஞ்சம் கையில் நின்றது.

5. இலங்கையில் ஆட்டோவை 'ஓட்டோ' என்பார்கள். பேசும்போதே "காத்திருக்கிற நேரத்துக்கும் சேர்த்து எவ்வளவு?" என்று கேட்டு முடித்துவிடுங்கள். பணத்தைத் துறைமுக வாசலில் திரும்ப இறங்கிய பிறகு மொத்தமாகக் கொடுத்தால், நடுவழியில் வேறு சவாரிக்குப் போய்விடுவாரோ என்ற கவலை இருக்காது.

6. யாழ்ப்பாணத்து நல்லூருக்குப் போகிற ஆண்கள் கோயிலுக்குள் சட்டையைக் கழற்ற வேண்டும். பட்டன் வைத்த சட்டையோடு ஒரு மேல்துண்டும் எடுத்துக்கொண்டால் சுலபம். உள்ளே படம் எடுக்க அனுமதி கிடையாது, அதனால் கேமராவைக் கப்பலிலேயே வைத்துவிட்டுப் போகலாம். வெளியே வந்ததும் பக்கத்திலேயே இருக்கிற ரியோவில் ஐஸ்கிரீம் சாப்பிடாமல் திரும்பாதீர்கள்.

7. திருகோணமலையில் துறைமுகம் மிகப் பெரியது. எந்தக் கரையில் இறக்குவார்கள் என்று முதல் நாள் இரவே வரவேற்பு மேஜையில் கேட்டுவிடுங்கள். ஊர்ப் பக்கம் இறக்கினால் கோணேஸ்வரம் ஓட்டோ தூரம்தான். நம்ம கபாலியைப் பாடிய அதே சம்பந்தர் பாடிய தலம் அது. பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்கள் பயமில்லாமல் பக்கத்தில் வந்து நிற்கும், குழந்தைகளுக்கு அதற்கே அரை மணி நேரம் ஒதுக்குங்கள். நேரம் மிச்சமிருந்தால் கன்னியா வெந்நீர் ஊற்று: ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு.

8. கோயில் பார்க்கவே இறங்குகிறவர்கள் நடை சாத்தும் நேரத்தைக் கப்பல் நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது ரொம்ப முக்கியம். அங்கேயும் நம் ஊர் போல மதியம் சாத்திவிடுவார்கள். கப்பல் பேக்கேஜில் முதலில் கடைக்கும் பிறகு கோயிலுக்கும் கூட்டிப்போகிறார்களா என்று பட்டியலைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

9. விசாகப்பட்டினம் போகிற பயணம் என்றால் யோசிக்கவே வேண்டாம், நாமே போய்க்கொள்ளலாம். நம் ரூபாய், நம் போன், நம் கால் டாக்சி செயலிகள். சிம்மாசலம், கைலாசகிரி, கடற்கரையில் குர்சுரா நீர்மூழ்கிக் கப்பல் எல்லாம் ஊரோடு சேர்ந்தவை. திங்கட்கிழமை குர்சுராவுக்கு விடுமுறை என்பதை மட்டும் ஞாபகம் வையுங்கள்.

10. புதுச்சேரிக்கும் 2025 ஜூலையில் கப்பல் போனது. ஈசிஆரில் நினைத்தபோது போய் வருகிற நமக்கு அங்கே பேக்கேஜ் எதற்கு? கப்பல் கடலிலேயே நின்று சிறு படகில் கரைக்கு விடுவார்கள், அந்தப் படகுச் சவாரியை அனுபவித்துவிட்டு மணக்குள விநாயகரைக் கும்பிட்டுத் திரும்பினால் போதும்.

11. சிறு படகு என்றதும் ஒரு முக்கிய விஷயம். இதை 'டெண்டர்' என்பார்கள். பெரும்பாலும் கப்பல் பேக்கேஜ் வாங்கியவர்களை முதலில் இறக்கிவிட்டுத்தான் மற்றவர்களுக்கு டோக்கன். தனியாகப் போகிறவர்கள் காலை டிபனை முடித்துக்கொண்டு சீக்கிரமே டோக்கன் வாங்கிவிட வேண்டும். கரையில் காத்திருக்கும் வேனுக்கும் ஒரு மணி நேரம் தள்ளியே நேரம் சொல்லிவையுங்கள்.

12. முழங்கால் வலி உள்ளவர்களை டெண்டரில் ஏற்றும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். என் மாமியார் படகின் விளிம்பில் காலை வைத்ததும் அது அரை அடி கீழே போய் மேலே வந்தது. இரண்டு மாலுமிகள் அவர் விரல்களைப் பிடிக்காமல் முழங்கைக்குக் கீழே கெட்டியாகப் பற்றினார்கள், அவரையும் அப்படியே தங்கள் கையைப் பற்றிக்கொள்ளச் சொன்னார்கள். படகு மேலே வரும் வரை பொறுத்து, "இப்போ" என்றதும் ஒரே எட்டு. கைப்பை, குடை எதுவும் கையில் இருக்கக்கூடாது, எல்லாவற்றையும் முதுகுப்பையில் போட்டுவிடுங்கள்.

13. "எல்லோரும் ஏறிவிட வேண்டிய நேரம்" என்று தினசரித் தாளில் போட்டிருப்பார்கள். கப்பல் கிளம்பும் நேரத்தைவிட அது அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாகவே இருக்கும். அந்தத் தாளையும் அதில் இருக்கும் துறைமுக ஏஜெண்டின் தொலைபேசி எண்ணையும் இறங்கும் முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

14. திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகும் என்று டிரைவர் சொல்கிறாரோ, அதை இரண்டால் பெருக்கி அதற்கேற்பக் கிளம்புங்கள். தொலைவில் இருப்பதை முதலில் பார்த்து, துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருப்பதைக் கடைசியில் வைத்துக்கொண்டால் பதற்றமே இல்லை.

15. இலங்கைக்கு நம் நேரமேதான், பினாங்குக்குச் சிங்கப்பூர் நேரம். புக்கெட் மட்டும் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். கரையில் இறங்கியதும் என் போன் தானாக அந்த ஊர் நேரத்துக்கு மாறிவிட்டது, கப்பலிலோ சிங்கப்பூர் நேரம்தான் கணக்கு. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று நினைத்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தோம். என் கணவர் கையில் பழைய சாவி கொடுக்கிற கடிகாரம் இருந்ததால் பிழைத்தோம். வீட்டில் சும்மா கிடக்கும் கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொண்டு இறங்குங்கள்.

16. பினாங்கில் கப்பல் நிற்பது ஜார்ஜ் டவுன் ஸ்வெட்டன்ஹாம் துறையில். அங்கிருந்து லிட்டில் இந்தியாவுக்குக் கால்மணி நேர நடை, குவீன் தெருவில் மகாமாரியம்மன் கோயில். ஒரு பைசா வண்டிச் செலவு இல்லை. தண்ணீர்மலை முருகனைப் பார்க்க மட்டும் கிராப் செயலியில் வண்டி பிடித்துக்கொள்ளுங்கள், ஐந்நூறுக்கு மேல் படி ஏறத் தெம்பு இருந்தால்.

17. பேக்கேஜ் விலையைப் பார்த்ததும் நாலு கேள்வி கேளுங்கள்: நுழைவுக் கட்டணம் சேர்த்தியா, சாப்பாடு உண்டா, சைவம் கிடைக்குமா, கடைகளில் எவ்வளவு நேரம் நிறுத்துவீர்கள்? ஒரு பயணத்தில், துணிக்கடையிலிருந்து நாலு பேர் வரும்வரை மீதி நாற்பது பேரும் பேருந்தில் உட்கார்ந்திருந்தோம். கூட்டமாகப் போகும்போது நம் நேரம் நம் கையில் இருக்காது.

18. கப்பல் ஏறிய முதல் நாள் சாப்பாட்டு மேஜையிலேயே பேச்சுக் கொடுத்து, அதே ஊரைப் பார்க்க நினைக்கும் இன்னொரு குடும்பத்தைப் பிடித்துவிடுங்கள். வேன் கூலி பாதியாகும். நாங்கள் சேர்ந்து போன அடையாறு குடும்பத்தினர் இப்போது எங்கள் வீட்டு நவராத்திரிக்குத் தவறாமல் வருகிறார்கள்.

19. கடல் சரியில்லை என்றால் ஓர் ஊரையே விட்டுவிட்டுக் கப்பல் போய்விடும். கப்பலில் வாங்கிய பேக்கேஜ் பணம் திரும்பி வரும், வெளியே முன்பணம் கட்டியது வராமல் போகலாம். அதனால் தனி வண்டிக்காரரிடம் "கப்பல் வரலைன்னா பணம் வேண்டாம்" என்ற சம்மதத்தை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

20. நடுக்கடலில் போனை விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். கப்பலின் சொந்த சிக்னலைப் பிடித்துக்கொண்டால் கட்டணம் எக்கச்சக்கமாக ஏறும். ஊர் வரைபடத்தை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்தால் கரையில் நெட் இல்லாமலும் வழி தெரியும்.

21. நம் ஒரு ரூபாய்க்கு இலங்கையில் மூன்று ரூபாய்க்கு மேல் வரும். ஓட்டோ, அர்ச்சனை, டீ இதற்கெல்லாம் வேண்டியதை மட்டும் மாற்றுங்கள். மிஞ்சினால் ஊருக்கு வந்து மாற்றுவது பெரும்பாடு.

22. பல கப்பல்களில் பாஸ்போர்ட்டை அவர்களே வாங்கி வைத்துக்கொள்வார்கள். முதல் பக்கத்தின் நகல் இரண்டு எடுத்து, ஒன்றைக் கணவர் பையிலும் ஒன்றை உங்கள் பையிலும் வையுங்கள். இலங்கை விசா விதி அடிக்கடி மாறுகிறது, பழைய பயணக்காரர் சொன்னதை நம்பாமல் கிளம்பும் மாதத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

23. கப்பல் விருந்தில் மிஞ்சியதைப் பொட்டலம் கட்டிக் கரைக்கு எடுத்துப்போக வெளிநாடுகளில் பெரும்பாலும் விடமாட்டார்கள். சீல் பிரிக்காத பிஸ்கெட், கடலைமிட்டாய் போதும். தண்ணீர் பாட்டிலைக் கப்பலிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

24. எல்லா ஊரிலும் இறங்கியே ஆகவேண்டும் என்பதில்லை. எல்லோரும் கரைக்குப் போன பகலில் நீச்சல் குளம் காலி, சாய்வு நாற்காலி காலி, சாப்பாட்டுக் கூடத்தில் வரிசை கிடையாது. வயதானவர்களுக்கு அதைவிட நல்ல ஓய்வு கிடையாது.

25. வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் யாராவது கப்பலில் சென்னைக்கு ஒரு நாள் வருகிறார்களா? பேக்கேஜ் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நீங்களே போய் அழைத்து வாருங்கள். பீச் ஸ்டேஷனிலிருந்து பறக்கும் ரயிலில் ஏறினால் திருமயிலை, நெரிசல் தொல்லை இல்லை. கபாலியைக் காலையிலேயே காட்டிவிடுங்கள். மதியம் நடை சாத்தினால் மறுபடி நாலு மணிக்குத்தான் திறப்பார்கள், அவர்கள் கப்பலுக்குத் திரும்பும் நேரம் அது. நடுவில் இருக்கிற பகலுக்கு நம் வீட்டு வத்தக்குழம்பும் அப்பளமும் இருக்கிறது.